மீட்டரக்கா தேர்ந்தெடுத்த கைக்கணினி

தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர்களை யாரும் வாசலில் நின்று வரவேற்பதில்லை. நாய் வரவேற்கும், அதுவும் குரைத்துத்தான். அப்படிப்பட்ட வேலையில் இருபத்திரண்டு வருடம் காலம் தள்ளி, ஏழு தெருக்காரர்களிடமும் ‘மீட்டரக்கா’ என்று பெயர் வாங்கியவள் அவள். கேட்டைத் தட்டி, “தண்ணி மீட்டருங்க” என்று ஒரு குரல் கொடுப்பாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், சுவரோரம் குனிந்து, சிமெண்டு மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துணியால் ஒரு துடை துடைத்து, எண்ணைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். வீட்டுக்காரம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் அடுத்த வீட்டில் இருப்பாள்.

ஆனால் பார்த்த எண்ணை அங்கேயே எழுதமாட்டாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடமாக அவளுடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மடியில் சும்மா கிடக்கும்போது பரம சாது. பேனாவை எடுத்தால் போதும், எங்கிருந்தோ நடுக்கம் வந்துவிடும். ரீடிங் எழுதும் அட்டையை இடது கையில் ஏந்தி நின்றுகொண்டே எழுதினால், மூன்று எது, எட்டு எது என்று எழுதியவளுக்கே விளங்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளை முதலில் பார்த்து முடிப்பாள். முழு எண்ணையும் மனத்தில் சுமப்பதில்லை. அட்டையிலுள்ள பழைய எண்ணுக்கு மேல் எத்தனை யூனிட் கூடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்வாள். பச்சை கேட் இருபத்தேழு, மாடி வீடு பதினாறு, கோபக்காரர் வீடு நாற்பது என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே தெருமுனைப் பூங்காவுக்குப் போவாள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் திருடனைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து, பழைய எண்ணோடு கூட்டி ஒவ்வொன்றாக எழுதுவாள். வழியில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்தால் அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். பேச்சில் ஒரு எண் தவறிவிட்டால் மறுபடி அந்த வீட்டுக்குப் போய்க் குனிய வேண்டுமே!

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகாததற்குக் காரணம் அவளுடைய அண்ணன். அவருக்கும் கையில்தான் தொடங்கியது. மூன்றாம் வருடம் அவருக்குச் சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட வேண்டியதாயிற்று. ஐந்தாம் வருடம் அவர் எழுந்திருக்கவே இல்லை. டாக்டரிடம் போனால் நோய்க்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார், பெயர் சொல்லாத வரைக்கும் இது வெறும் நடுக்கம்தான் என்று தனக்குத் தானே ஒரு கணக்கு வைத்திருந்தாள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் இன்னும் மோசம். வெளிவேலைக்கு ஆகாதவர்களை உள்வேலைக்கு அனுப்புவார்கள். உள்வேலை என்றால் காலை முதல் மாலை வரை பேரேட்டில் எழுதும் வேலை. கை நடுங்குகிறவளை எழுதப் போடுகிற விதியை எந்தப் புண்ணியவான் போட்டானோ! அதற்கும் லாயக்கில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கைக்கணினி வந்து சேர்ந்தது.

கைபேசியே அப்போதுதான் எல்லார் பாக்கெட்டிலும் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. மீட்டர் பார்க்கும் பதினான்கு பேருக்கும் அட்டைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கைக்கணினி என்று மேலிடம் முடிவு செய்தது. எது வாங்குவது என்பதை வேலை செய்கிறவர்களே சொல்லட்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவரும் ஒரு காலத்தில் மூடி தூக்கி மீட்டர் பார்த்தவர். முதுகுவலி என்றால் என்னவென்று அறிந்தவர். மூன்று மாதிரிகளை இரண்டு பேர் தெருவில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். அனுபவத்துக்கு ஒருத்தர், ஆர்வத்துக்கு ஒருத்தர் என்றார். ஆர்வத்துக்கு ‘புதுசு’. கடையில் எது புதிதாக வந்தாலும் வாங்கிவிடுகிற பையன், வயது முப்பத்தைந்து ஆனாலும் பையன்தான். அனுபவத்துக்கு மீட்டரக்கா.

மேசைமேல் மூன்றையும் பரப்பினார் விற்கும் கம்பெனிக்காரர். ஒன்று மெல்லிசாக, பளபளவென்று, முகம் பார்க்கலாம்போல இருந்தது. அதில் விசையே கிடையாது, குச்சி போன்ற ஒரு பேனாவால் திரையைத் தொட வேண்டும். இன்னொன்று பெட்டிபோல் திறக்கும், உள்ளே எறும்பு எறும்பாய் விசைகள். மூன்றாவது கறுப்பாக, தடியாக, செங்கல் மாதிரி. பெரிய பெரிய எண் விசைகள். சரக்குக் கிடங்குகளில் வைத்திருப்பார்களாம்.

“இத யார் வாங்குவாங்க? ஜன்னல் காத்துல ஆடாம இருக்க முட்டுக் கொடுக்கலாம்” என்று செங்கல்லை ஒதுக்கிவிட்டு, புதுசு பேனா மெஷினைத் தூக்கிக்கொண்டான். மீட்டரக்காவுக்கும் முதல் இரண்டு நாளைக்கு அதே மெஷின்தான் கொடுத்தார்கள்.

பேனா மெஷினை முதன்முதலாகத் திறந்தால் திரையில் ஒரு கூட்டல் குறி வரும். அதன் நடுவில் சரியாகத் தொட வேண்டும். தொட்டால் வேறு மூலைக்குப் போகும்; அங்கேயும் தொட வேண்டும். ஐந்து இடத்திலும் குறி தப்பாவிட்டால்தான் மெஷின் உள்ளே விடும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. புதுசு டக் டக்கென்று தொட்டு உள்ளே போய்விட்டான். அவள் தொட்டாள், முதலிலிருந்து வந்தது. மறுபடி தொட்டாள், மறுபடி வந்தது. அந்தக் கூட்டல் குறி நான்கு மூலைக்கும் ஓடி ஓடி அவளைக் கேலி செய்தது. கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, விட மாட்டேங்குதா?”

“கண்ணு கூசுதுங்க” என்றாள். ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பி, முழங்கையை மேசையில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது தடவையில் உள்ளே போனாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மாட்டிக்கொள்ளவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

தெருவில் எப்போதும்போலத்தான் வேலை செய்தாள். பன்னிரண்டு வீடு, மனத்தில் பன்னிரண்டு எண், பூங்கா பெஞ்ச், முட்டியில் முழங்கை. பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதிந்தாள். அட்டைக்கு மணி பார்க்கத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அச்சடித்த காகிதம் ஒன்று இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை.

“இது என்னம்மா? பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு மொத வீடு. பத்து ஆறுக்குப் பன்னெண்டாவது வீடு. நாலு நிமிஷத்துல பன்னெண்டு வீடா? பறந்தா போனீங்க?”

இதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு: டீக்கடை ரீடிங். வீட்டுப் பக்கமே போகாமல், டீக்கடையில் உட்கார்ந்து மனம்போன எண்ணை எழுதிக் கொடுப்பது. போன வருடம்தான் ஒருத்தரை அதற்காக வேலையைவிட்டு அனுப்பினார்கள். ‘வெக்கங்கெட்ட பிழைப்பு’ என்று அன்றைக்கு எல்லாரையும்விட உரக்கப் பேசியவள் இவள்தான்.

“எண்ணுல தப்பு இருக்குதா சார்?”

“எண்ணைப் பத்திப் பேசல. அந்த வீடுங்களுக்கு நீங்க போனீங்களான்னு கேக்கறேன்.”

“போனேன் சார்.”

“போனா, அங்கயே எழுத வேண்டியதுதானே? எதுக்கு எல்லாத்தையும் சேத்து வெச்சு எழுதணும்?”

அதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. திருடி என்ற பெயரோடு போவதா, நோயாளி என்ற பெயரோடு போவதா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். மேற்பார்வையாளர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“வாங்க. இப்பவே போய்ப் பாத்துடலாம்.”

இரண்டு பேரும் அந்தத் தெருவுக்கு நடந்தார்கள். முதல் வீட்டில் அவரே குனிந்து மூடியைத் தூக்கினார். அவள் எழுதிய எண்ணைவிட ஒன்று கூடுதல். ஒரு நாள் தண்ணீர், சரிதான். இரண்டாவது வீடு சரி. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் சரி. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவளுக்கும் உயிர் வந்தது.

ஏழாவது வீட்டில் அவர் நிமிரவே இல்லை.

“நாலாயிரத்து நூத்தி இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்க. மீட்டர்ல நூத்தி அம்பத்தி ரெண்டு. ஒரே நாள்ல இருபத்தி மூணு யூனிட்டா? வீட்டுக்குள்ள யானையா குளிக்குது?”

எட்டாவது வீட்டில் அவர் குரல் கறாராகிவிட்டது. “தொள்ளாயிரத்து நாப்பத்தி ஆறுன்னு எழுதியிருக்கீங்க. இங்க தொள்ளாயிரத்து இருபத்தஞ்சுதான் இருக்கு. தண்ணி பின்னாடி ஓடாதும்மா. எனக்கே காது குத்தறீங்களா?”

அவள் மதில்சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதாதவள், கடைசியில் இப்படியா! அப்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. போன தடவை எடுத்த பழைய எண்கள் அவளுக்குக் கண்முன் நின்றன.

“சார், அந்த வீட்டுக்கு முப்பத்தொண்ணு, இந்த வீட்டுக்கு ஒம்பது. மாத்திப் போட்டுட்டேன் சார். மனசுல இருந்து எடுக்கறப்ப ரெண்டும் இடம் மாறிப் போச்சு.”

அவர் காகிதத்தைத் திருப்பி, படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். ஏழாவது வீட்டின் பழைய எண்ணோடு முப்பத்தொன்றைச் சேர்த்தால் இன்றைய எண்ணுக்கு ஒன்று குறைவு. எட்டாவது வீட்டின் பழைய எண்ணோடு ஒன்பதைச் சேர்த்தாலும் ஒன்று குறைவு. மறுபடி கூட்டினார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்கும் அவளை வேலையைவிட்டு அனுப்புகிற பாவம் வேண்டாம் என்றுதான் இருந்திருக்கும்.

“டீக்கடையில உக்காந்து எழுதறவன் எல்லா வீட்டுக்கும் இருபது, இருபத்தஞ்சுன்னு நல்ல பிள்ளையாப் போட்டுட்டுப் போயிடுவான். அவனுக்கு இந்தத் தப்பு வரவே வராது. இப்படி மாத்திப் போடணும்னா ரெண்டு மீட்டரையும் கண்ணால பாத்திருக்கணும்.” சொல்லிவிட்டு நிமிர்ந்தார். “சரி, இப்பச் சொல்லுங்க. ஏன் மனசுல வெச்சு எழுதறீங்க?”

அவள் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தக் காகிதத்தில் முப்பத்தொன்று என்று எழுதிக் காட்டினாள். எழுதி முடிப்பதற்குள் காகிதமே சேர்ந்து ஆடியது. அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். அது எண்ணாகவே இல்லை.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா சார்.”

“ரெண்டு வருஷமாப் பன்னெண்டு பன்னெண்டு வீடா மனசுலயே தூக்கிட்டு நடந்தீங்களா? எங்க வீட்டுல மூணு சாமான் சொல்லி அனுப்பினா ரெண்டோட திரும்பறவன் நான்.”

“உள்வேலைக்கு அனுப்பிடுவீங்களா சார்?”

“உங்களை அங்க எழுதப் போட்டா எனக்குல்ல கை நடுங்கும்!” என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “ஆனா டாக்டரைப் பாக்காம நான் உங்களைத் தெருவுக்கு அனுப்ப முடியாது. நடந்து வேலை பாக்கலாம்னு அவர் ஒரு சீட்டு கொடுக்கணும். நாளைக்கே போங்க.”

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வம். டீயை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் தம்ளரை வைத்தார். அதில் பாதிதான் இருந்தது.

“இப்பக் கூடவா அரைத் தம்ளர்? கேக்கக் கேக்க ஒரு வருஷமா இப்படித்தான் அளந்து ஊத்தறீங்க. என்ன கஞ்சத்தனமோ!”

“முழுசா ஊத்தினா தளும்பி உன் கைல கொட்டும்ல” என்றார் அவர்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடமாக இவருக்குத் தெரியும்! தெரிந்துதான் கஞ்சன் என்ற வசவையெல்லாம் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார். “சொல்ல வேண்டியதுதானே?” என்று சண்டை பிடித்தாள். “நீ சொல்லுவேன்னு இருந்தேன்” என்றார். அதன் பிறகு அவள் அழுதாள். அண்ணனைப் பற்றிச் சொன்னாள், பொத்தானைப் பற்றிச் சொன்னாள், இரண்டு வருடமாகச் சொல்லாததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உடன் வந்தார்.

டாக்டர் இளவயசுப் பெண். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், ஒரு சுருள் கோடு வரையச் சொன்னார், அறைக்குள் நடக்கச் சொன்னார். கையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொல்லி வெகுநேரம் அதையே பார்த்தார். அண்ணனுக்கு வந்த நடுக்கத்தைப் பற்றியும் அவள் சொன்னாள்.

“உங்க அண்ணனுக்கு எப்ப நடுங்கும்? வேலை செய்யறப்பவா, சும்மா இருக்கறப்பவா?”

அவள் யோசித்தாள். அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும்போதுதான் கை தானாக உருட்டிக்கொண்டிருக்கும். எதையாவது எடுக்கப் போனால் கொஞ்சம் அடங்கும். இத்தனை நாளும் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை. பயம் யோசிக்க விட்டால்தானே!

“சும்மா இருக்கறப்பதான் டாக்டர்.”

“உங்களுக்கு நேர்மாறா இருக்கு பாருங்க. அது வேற, இது வேறம்மா. இது நிறையப் பேருக்கு வரும். தொந்தரவுதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். எழுதறது கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா அண்ணனுக்கு ஆன மாதிரி ஆகாது. நல்லா நடங்க, வேலை பாருங்க.”

டாக்டர் அவள் வயிற்றில் பாலை வார்த்தார். வெளியே வந்ததும் அவள் மருத்துவமனைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயந்தபோதெல்லாம் ஓடிய கால், பயம் போனதும் நிற்க மறுத்தது. “பசிக்குது” என்றாள் கணவரிடம். இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மற்ற இரண்டு மெஷின்களையும் சோதித்து முடித்தாள். வாரக் கடைசியில் பதினான்கு பேரையும் உட்காரவைத்து, எது வேண்டும் என்று கேட்டார் மேற்பார்வையாளர். புதுசு எழுந்து பேனா மெஷினின் பெருமையைப் பாடினான். அதில் படம் பார்க்கலாம், விளையாடலாம், உலகத்து நேரமெல்லாம் தெரியும். பலரும் தலையாட்டினார்கள். மீட்டரக்கா எழுந்தாள்.

“எனக்குக் கை நடுங்குது” என்றாள். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. இதற்கா இரண்டு வருடம் என்று அவளுக்கே தோன்றியது. “பேனா மெஷின் என்னை உள்ளயே விடல. பொட்டி மெஷின்ல ஒரு விசையை அழுத்தினா மூணு சேந்து அழுந்துது. செங்கல்லுதான் எனக்கு ஆகும். மத்தவங்களுக்கு எது சௌகரியமோ சொல்லுங்க.”

யாரும் உச்சுக் கொட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர், பேனா மெஷின் திரை வெயிலில் ஒன்றுமே தெரிவதில்லை என்றார். மழை பெய்தால் என்ன செய்வது என்றார் இன்னொருவர். இடது கையில் குடையும் வலது கையில் பேனாவும் என்றால் மெஷினை வாயிலா கவ்வுவது என்று கேட்டாள் ஒருத்தி. மேற்பார்வையாளர் புதுசைப் பார்த்தார்.

“உன் மெஷினோட பேனா எங்கப்பா?”

புதுசு தலையைச் சொறிந்தான். முதல் நாளே ஒன்று தொலைந்ததாம். கம்பெனிக்காரர் கொடுத்த மாற்றுப் பேனா ஒரு சாக்கடைக்குள் போனதாம். அதற்குப் பிறகு தீக்குச்சியால் குத்திக்கொண்டிருந்திருக்கிறான். அறை சிரிப்பில் அதிர்ந்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, “சரிக்கா, செங்கல்லே இருக்கட்டும். பாக்கத்தான் சகிக்கல” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எனக்குத் தெரியாதுக்கா. முன்னாடியே சொல்லியிருந்தா உங்க அட்டையையும் நானே எழுதித் தந்திருப்பேன்” என்றான். அவள் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

அடுத்த மாதம் செங்கல் மெஷினோடு தெருவில் இறங்கினாள். முதல் வீட்டில் மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து, நின்ற இடத்திலேயே விசைகளை அழுத்தினாள். விரல் நடுங்கியது; நடுங்கிவிட்டுப் போகட்டும், விசை பெரிது. ‘பீப்’ என்றது. அடுத்த வீடு. ‘பீப்’. வாய் முணுமுணுக்கவில்லை. ஒரு வாசலில் செம்பருத்தி பூத்திருந்தது. அங்கே செம்பருத்திச் செடி இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரே வந்த ஒருவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் நின்று, நன்றாக இருப்பதாகச் சொல்லி, அவருடைய மகள் படிப்பு வரைக்கும் விசாரித்துவிட்டு நடந்தாள்.

தெரு பாதி முடிந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு வீட்டுக்காரம்மா ஓடி வந்தாள்.

“மீட்டரக்கா! மீட்டரக்கா! இந்தத் தடவை எங்க வீட்டுக்கு எவ்வளவு வந்திருக்கு?”

அவள் திரும்பினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இருபதா, முப்பதா, எதுவுமே மனத்தில் இல்லை, துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“தெரியலம்மா, மறந்தே போச்சு!” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அந்த அம்மா விழித்தாள். மீட்டரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டு எண்ணைத் தேட மெஷினைத் திறந்தாள்.